போர்டை மாற்றாதீர்கள், பிள்ளைக்கு அளக்கச் சொல்லிக்கொடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் ஆசிரியர்களும் பெற்றோரும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியன் என்பதால் கண்காட்சிகளுக்கு நடுவராகக் கூப்பிடுகிறார்கள். அர்டுயினோ போர்டு கொதிக்கிறது, இல்லையென்றால் புரோகிராம் தாறுமாறான வேகத்தில் ஓடுகிறது. அதற்குப் பெரியவர்கள் சொல்லும் வைத்தியம் மூன்றுதான். "சின்ன ஃபேன் வை." "கிளாக் ஸ்பீடைக் குறை." "வேற போர்டு வாங்கிக்கலாம்." மூன்றுமே நோயைப் பார்க்காமல் கொடுக்கும் மருந்து என்கிறேன்.

முதலில் ஒரு மூடநம்பிக்கையை உடைப்போம். லேப்டாப்பும் செல்போனும் சூடானால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு, "சிப் சூடாகிவிட்டது, அதனால் மெதுவாக ஓடுகிறது" என்று இங்கேயும் சொல்கிறார்கள். அர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பில் அப்படி ஓர் ஏற்பாடே கிடையாது. 5 வோல்ட்டில், 16 மெகாஹெர்ட்ஸில் அந்தச் சிப் தனக்காக எடுப்பது சுமார் 10 மில்லி ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 50 மில்லிவாட். அதில் சிப்பின் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி ஏறும், அவ்வளவுதான். ஆகவே சிப்பைத் தொட்டால் சுடுகிறது என்றால் காரணம் வேகம் அல்ல. எங்கோ மின்னோட்டம் அளவுக்கு மீறிப் போகிறது. கிளாக்கைக் குறைத்து என்ன பயன்?

எங்கே போகிறது? பெரும்பாலும் கால்களில். ஒரு காலுக்கு 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வது நல்லது. 40-ஐத் தாண்டவே கூடாது. சிப் முழுவதற்கும் 200. ஆனால் பிள்ளை 5 வோல்ட் ரிலேயின் சுருளை நேராகக் காலில் மாட்டியிருக்கும். அது கேட்பது சுமார் 70 மில்லி ஆம்பியர். நடுவில் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு டயோடும் போட்டிருந்தால் தீர்ந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு டீயின் விலைகூட வராது.

அடுத்து ரெகுலேட்டர். 12 வோல்ட் அடாப்டரைச் செருகி, 7805 மூலம் 5 வோல்ட் எடுத்து, மோட்டார், டிஸ்பிளே எல்லாம் சேர்த்து 200 மில்லி ஆம்பியர் இழுக்கிறோம் என்று வையுங்கள். மீதி 7 வோல்ட் எங்கே போகும்? 7 பெருக்கல் 0.2, அதாவது 1.4 வாட் வெறும் சூடாகப் போகும். ஹீட்சிங்க் இல்லாத 7805 ஒரு வாட்டுக்குச் சுமார் 50 முதல் 65 டிகிரி சூடேறும். அப்படியானால் 70 முதல் 90 டிகிரி ஏற்றம். நம் ஊர் வெயிலில் அறையே 35 டிகிரி. கூட்டினால் உள்ளே 100-ஐத் தாண்டுகிறது! 9 வோல்ட் அடாப்டர் போட்டால் அதே 1.4 வாட் 0.8 ஆகிவிடும். இது பத்தாம் வகுப்பு மின்திறன் சூத்திரம். தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு இந்த இடத்தில் அது ஞாபகம் வரவில்லை என்றால் குறை பிள்ளையிடமா, நம்மிடமா?

இப்போது வேகம். கடையில் வாங்கும் புதுச் சிப், தொழிற்சாலை அமைப்புப்படி உள்ளே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். 16-க்கு எழுதிய புரோகிராமை அதில் ஏற்றினால், ஒரு நொடிக்கு எரிய வேண்டிய விளக்கு 16 நொடி எரியும். இரண்டு நொடி எரிந்தால் சிப் 8-இல் ஓடுகிறது என்று அர்த்தம். சீரியல் மானிட்டரில் கிறுக்கல் வருவதும் இதே கணக்குதான். கைக்கடிகாரத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஃபியூஸ் பிட்டைச் சரிசெய்தால் போதும், இதற்குப் போய்ப் புது போர்டு வாங்குகிறார்கள்! மிச்சம் சரிபார்க்க வேண்டியவை: கிரிஸ்டலுக்கு இரு பக்கமும் 22 பிகோஃபாரட் கெபாசிட்டர், சிப்பின் மின்சாரக் கால்களுக்கு ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட். இன்னொன்று, 16 மெகாஹெர்ட்ஸை 3.3 வோல்ட்டில் ஓட்டாதீர்கள். அந்த வேகத்துக்குச் சிப் அவ்வளவு குறைந்த மின்னழுத்தத்தில் உத்தரவாதம் தருவதில்லை.

"சார், நாளைக்குக் கண்காட்சி. இதையெல்லாம் உட்கார்ந்து பார்க்க நேரம் ஏது? ஓடினால் போதாதா?" என்று கேட்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளே, உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். ஆனால் போர்டை மாற்றினாலும் அதே ரிலே அதே காலில்தானே இருக்கிறது? புதுசும் சுடும். பிள்ளையோ "எனக்கு எலக்ட்ரானிக்ஸ் வராது" என்று முடிவு கட்டிவிடும். கூலி வேலை செய்யும் அப்பாவிடம் இரண்டாவது போர்டுக்குக் காசு கேட்கத் தயங்கி ஒதுங்கிவிடும் பிள்ளைகளும் உண்டு. ரெடிமேட் புராஜெக்ட் வாங்கி வைத்தவன் பரிசு வாங்கிப் போவான்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். மல்டிமீட்டரைப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள், பிள்ளை கையில் கொடுங்கள். சூடானால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். எல்லா இணைப்பையும் கழற்றி, ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொரு முறையும் மின்னோட்டத்தை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எதை மாட்டியதும் எண் எகிறுகிறதோ அதுதான் குற்றவாளி. நடுவர்களாகப் போகும் நண்பர்களே, ஓடாத புராஜெக்ட்டுக்குப் பக்கத்தில் அந்த நோட்டு இருந்தால் அதற்கும் மதிப்பெண் போடுங்கள்.