பதினான்கில் ஓர் இடம்

நம் சமுதாயத்தைத் தொடும் தீர்ப்பு ஒன்று உச்சநீதிமன்றத்திலிருந்து வந்துவிட்டால், மஃரிப் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் இரண்டே கட்சிகள்தாம். நீதி வென்றது என்று மகிழ்வோர் ஒரு பக்கம். இனி என்ன இருக்கிறது என்று கைவிரிப்போர் மறுபக்கம். மூன்றாவது வழியும் உண்டு. அதைக் கற்பிக்கும் வரலாற்றில் நம் ராஜபாளையத்துக்கும் பங்குண்டு.

இவ்வூர்க்காரரான பூ.ச. குமாரசாமி ராஜா சென்னை மாநில முதலமைச்சராக இருந்த காலம் அது. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களையும் வகுப்புவாரி அரசாணை பங்கிட்டது. அதில் முஸ்லிம்களுக்கு 1 இடம். செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்றம் 1950 ஜூலையில் அவ்வாணையைச் செல்லாதென்றது. ராஜாவின் அரசு மேல்முறையீடு செய்தும், 1951 ஏப்ரல் 9 அன்று உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அதையே உறுதிசெய்தனர். (செண்பகம் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கவே இல்லை என்பது தீர்ப்பிலேயே உள்ளது!) நலிந்தோரை உயர்த்தச் சொல்லும் 46ஆம் பிரிவு வெறும் வழிகாட்டும் நெறி, அடிப்படை உரிமையை அது மீற முடியாது என்பது அவர்கள் வாதம். எழுத்தளவில் அதற்கு இடமிருந்தது. வரலாற்றை அது காணவில்லை என்பதே நம் கருத்து.

தமிழகம் கொதித்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் வீதிக்கு வந்தனர். சட்ட அமைச்சர் அம்பேத்கர் நாடாளுமன்றத்தில் நின்று, தீர்ப்புக்குக் கட்டுப்படுவேன், ஆனால் அதை மதித்தாக வேண்டும் என்பதில்லை என்ற பொருள்படப் பேசினார். ஜூன் மாதத்திலேயே முதல் சட்டத்திருத்தம் வந்தது, 15(4) பிறந்தது. கட்டுப்படுவதும் மறுப்பதும் ஒரே மனிதருக்கு இயலும் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஆனால் அந்தத் திருத்தம் மதத்தைப் பேசவில்லை. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய நிலையைப் பேசியது. 2007இல் தமிழகம் நமக்குத் தந்த 3.5 விழுக்காடும் அவ்வாசல் வழியே வந்ததுதான். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்கனி, மாப்பிள்ளை என்று பிரிவுகளின் பெயர் சொல்லித்தான் அது தரப்பட்டது. ஆந்திராவில் முஸ்லிம்கள் அனைவருக்கும் என வழங்கிய ஒதுக்கீட்டை, பின்தங்கிய நிலை முறையாக ஆராயப்படவில்லை என்று 2005இல் உயர்நீதிமன்றம் நீக்கியதையும் மறந்துவிடலாகாது.

நாளை நம் ஒதுக்கீடும் கேள்விக்குள்ளானால், நீதிபதிகள் கேட்கப்போவது சான்று. நிக்காஹ் பதிவேட்டைக் கண்போல் காக்கும் நம் ஜமாஅத்துகளில், எத்தனை பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு ஆலை வேலைக்குப் போனார்கள் என்ற கணக்கு எத்தனை இடங்களில் இருக்கும்? மாவட்டத் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. அங்கே வழக்காடும் நம் இளைஞர்களை ஒரு வெள்ளிக்கிழமை அழைப்போம். எந்தெந்த விவரங்களைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டு, இன்ஷா அல்லாஹ், இந்த ரமளானுக்குள் தெருவாரியாக அந்தப் பதிவேட்டைத் தொடங்குவோம்.