மில் சொன்ன ‘இல்லை’

சென்ற இதழில் நண்பர் எழுதியிருந்த கட்டுரையை மூன்று தடவை படித்தேன். நல்ல கவிதை வாசகனிடம் ஒரு மனநிறைவை விட்டுச் செல்ல வேண்டும் என்கிறார். அப்படிச் செய்யாதது வெறும் அறிவுப் பயிற்சியாம். வாழ்வின் அர்த்தம் என்பதே அந்த நிறைவுதானாம். கடைசிப் பாராவில், எதிர்பார்த்தபடியே, ‘போதுமென்ற மனம்’ பற்றிய பழமொழியும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை யாராவது ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கிறார்களா? போதும் என்றவனுக்கு அது தருவதாகச் சொல்வது பொன். பொன் வேண்டாம் என்றிருப்பவனுக்கு எதற்குப் பொன்? நகைக் கடன் பிரிவில் எட்டு வருஷம் உட்கார்ந்திருப்பவன் நான். போதும் என்ற மனத்தோடு அந்தக் கவுண்டருக்கு யாரும் வந்ததில்லை.

நண்பர் போகிற போக்கில் ஜான் ஸ்டூவர்ட் மில்லையும் சாட்சிக்கு அழைத்திருக்கிறார். வேர்ட்ஸ்வர்த்தின் கவிதை மில்லின் மனச்சோர்வைக் குணப்படுத்தியதாம். பி.ஏ. வகுப்பில் நமக்குச் சொல்லிக்கொடுத்ததும் இவ்வளவுதான். பரீட்சையோடு மறந்துபோன மில்லை இதற்காக மறுபடி எடுத்துப் படித்தேன். சாட்சி நண்பருக்கு எதிராகத்தான் பேசுகிறது.

மில் ஒரு குமாஸ்தா. 1823இல் பதினேழு வயதில் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆபீஸில் தகப்பனாருக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்து, 1858 வரை இந்தியாவுக்குப் போக வேண்டிய கடிதங்களுக்கு நகல் எழுதியவர். தகப்பனாரும் சரி, மகனும் சரி, இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. மூன்று வயதில் கிரேக்கம், எட்டில் லத்தீன் என்று வளர்க்கப்பட்ட பையன் அவர். வளர்த்த சித்தாந்தம் பெந்தாமுடையது. இன்பத்தைத் தீவிரம், நீடிப்பு, நிச்சயம் என்று தலைப்புப் போட்டுக் கூட்டிக் கழிக்கலாம் என்றவர் பெந்தாம். இன்பத்தின் அளவு சமமானால் சிறுபிள்ளை விளையாட்டும் கவிதையும் அவருக்கு ஒரே எடைதான்.

1826 இலையுதிர் காலத்தில், இருபது வயதில், மில் தன்னையே கேட்டுக்கொண்டார்: நீ விரும்பும் சீர்திருத்தங்கள் எல்லாம் இந்த நிமிஷமே நிறைவேறிவிட்டால் நீ சந்தோஷமாக இருப்பாயா? உள்ளிருந்து வந்த பதில்: இல்லை.

என்னைப் பொறுத்தவரை மில்லின் சுயசரிதையில் இலக்கியம் தொடங்குவது இந்த இடத்தில்தான். ‘ஆம்’ என்று சொல்வதற்கான எல்லாத் தயாரிப்பும் அவருக்குத் தரப்பட்டிருந்தது. இல்லை என்று சொல்ல யாரும் கற்றுத்தரவில்லை. அதைச் சொன்ன பிறகு காலூன்ற இடமும் இல்லை. தகப்பனாரிடம் பேச முடியாது. அவர்தான் அந்தக் கட்டிடத்தின் மேஸ்திரி. ஆனால் வேலை நிற்கவில்லை. பழக்கத்தின் வேகத்தில் இயந்திரம்போல் எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்ததாக அவரே எழுதுகிறார். கம்பெனியின் கடிதங்கள் வழக்கம்போல் கப்பலேறியிருக்கும். எழுதியவனுக்கு உள்ளே எல்லாம் செத்துக் கிடக்கிறது என்று இங்கே வாங்கிப் படித்த கலெக்டர்களுக்கு எங்கே தெரியப் போகிறது?

இந்த ஸ்திதியில் அவருக்கு வந்த கவலைகளில் ஒன்று வேடிக்கையானது. ஸ்வரங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை, ஆகவே ஒருநாள் புதிய இசை தீர்ந்துபோகும் என்று வருந்தினாராம். நம் மேளகர்த்தா 72 என்று யாராவது சொல்லியிருந்தால் என்ன ஆகியிருப்பாரோ.

முதலில் அவரை அசைத்தது வேர்ட்ஸ்வர்த் அல்ல. மார்மொன்டெல் என்ற பிரெஞ்சுக்காரரின் நினைவுக் குறிப்புகள். தகப்பன் இறந்துபோகிறான், குடும்பம் திகைத்து நிற்கிறது, சிறு பையன் ஒருவன் இனி எல்லாமாக நானே இருப்பேன் என்கிறான். அதைப் படித்து மில் அழுதார். அழ முடிந்ததே, நான் இன்னும் கல்லாகவில்லை என்று பாரம் குறைந்தது. தகப்பனின் சாவு அந்த மகனை ஏன் அழவைத்தது என்று பிற்கால உளவியல் விமர்சகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், அது கிடக்கட்டும். அந்தப் பக்கத்தில் மனநிறைவு எங்கே இருக்கிறது? இருந்தது சாவும் பயமும். நண்பரின் கட்டுரையில் மார்மொன்டெல் பெயரே இல்லை.

வேர்ட்ஸ்வர்த் வந்தது 1828இல். அது மருந்தாக வேலை செய்தது என்பது உண்மை. ஆனால் மருந்து என்று தெரிந்தே குடித்தார் மில். அவரைவிடப் பெரிய கவிகள் உண்டு, எனக்கு அப்போது தேவைப்பட்டது இவர்தான் என்று ஒளிக்காமல் எழுதினார். நோயாளிக்கு இருந்த இந்த நிதானம் நம் விமர்சகருக்கு இல்லை. தனக்குத் தூக்கம் வரவழைத்த மாத்திரையை அவர் இலக்கிய அளவுகோலாக்குகிறார்.

மில்லோடும் எனக்குச் சண்டை உண்டு. சந்தோஷத்தை நேராகத் தேடாதே, வேறொன்றில் மனதை வை, அது தானாக வழியில் வரும் என்று அவர் பின்னால் ஒரு சமரசத்துக்கு வந்தார். யோசனை நல்லதுதான். ஆனால் லக்ஷியம் பழையதுதான். முன் வாசலில் துரத்திவிட்டதைக் கொல்லைப்புறமாக உள்ளே விட்டிருக்கிறார். அந்த ‘இல்லை’யை அவராலேயே நெடுநாள் தாங்க முடியவில்லை.

இப்போது பெந்தாமின் கூட்டல் கணக்கு உலகம் முழுக்க நடக்கிறது. 1965இல் ஹாட்லி கான்ட்ரில் என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் ஏணியைப் புத்தகத்தில் போட்டார். உச்சிப்படி உனக்குச் சாத்தியமான மிகச் சிறந்த வாழ்க்கை, அடிப்படி மிக மோசமானது. நீ எந்தப் படியில் நிற்கிறாய்? 2012 முதல் இதை வைத்து உலக மகிழ்ச்சி அறிக்கை வெளியாகிறது. 2018 தொடங்கிப் பல வருஷம் பின்லாந்துக்கு முதலிடம். ஏணியின் கேள்வியில் சந்தோஷம் என்ற வார்த்தையே கிடையாது என்பதை யாரும் கவனிப்பதில்லை. போன வருஷம் எங்கள் ஆபீஸிலும் இதுபோல் ஒரு படிவம் சுற்றுக்கு வந்தது. ஏழு என்று எழுதினேன். ஏழு எழுதினால் யாரும் கூப்பிட்டு விசாரிக்கமாட்டார்கள்.

சந்தோஷத்தை நான் பழிக்கவில்லை. அடகு வைத்த சங்கிலியை மீட்ட ஒரு கிழவி கவுண்டர் முன்னாலேயே அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, எங்களைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைவிட நிறைவான முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை வாழ்வின் அர்த்தத்துக்குச் சாட்சியாக நிறுத்த அவளுக்குத் தோன்றாது. நமக்குத்தான் தோன்றுகிறது. ஆடி மாசம் அதே சங்கிலி திரும்ப வரும். அப்போது அவள் வாழ்வுக்கு அர்த்தம் போய்விட்டதா? நிறைவும் அர்த்தமும் இரண்டு தனித்தனிக் கணக்குகள். ஒன்றின் வரவை மற்றதில் எழுதினால் எங்கள் ஆபீஸில் மெமோ கொடுப்பார்கள்.

நண்பர் அடுத்த இதழில் பதில் எழுதுவார். எழுதட்டும். ஆனால் பழமொழியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த மார்மொன்டெல் பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்ளட்டும்.