பாறை சரியுமுன் பார்க்க வேண்டும்

பாறைச்சுவரின் நிலையைச் சோதிக்காமல் எந்தக் கல்குவாரியிலும் ஒருவரைக்கூட உள்ளே இறக்கக் கூடாது.

2022 மே 14 நள்ளிரவில், திருநெல்வேலியை அடுத்த அடைமிதிப்பான்குளம் குவாரியில் ராட்சதப் பாறைகள் சரிந்து ஆறு தொழிலாளர்கள் சிக்கினர், நால்வர் மாண்டனர். மேலிருந்து கற்கள் உதிர்ந்துகொண்டே இருந்ததால் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் பணி நாள்கணக்கில் நீண்டது. இது முன்கூட்டியே அறிய முடியாத ஆபத்தல்ல. வெடிவைப்பால் பாறையில் விரிசல் விழும். மழைநீர் அதற்குள் இறங்கும். பிடிமானம் இழந்த பாறை பெயர்ந்து வரும். அதனால்தான் குவாரியின் பக்கங்களைப் படிப்படியாகவோ சரிவாகவோ வெட்ட வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறை விதிகள் வகுத்தன. செங்குத்தாகக் குடைந்த பள்ளத்துக்குள் தலைக்கவசத்தை மட்டும் கொடுத்து அனுப்புவது பாதுகாப்பு ஆகாது.

தாமிரபரணிக் கரை ஊர்களின் சாலைக்கும் வீட்டுக்கும் ஜல்லியும் எம்-சாண்டும் தேவைதான். அந்தத் தேவைக்காக உயிர்களைப் பணயம் வைக்க முடியாது.

ஒவ்வொரு ஷிப்டுக்கு முன்பும் தகுதிபெற்றவர் பாறைமுகப்பைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பதிவேடு தமிழில், தொழிலாளியின் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். இருட்டிய பின் பள்ளத்துக்குள் வேலை கூடாது. படிகளாகவோ சரிவாகவோ வெட்டாத குவாரிகளுக்கு, கல் ஏற்றிச் செல்வதற்கான நடைச்சீட்டு வழங்குவதைக் கனிமவளத் துறை உடனே நிறுத்த வேண்டும்.