தண்ணீர்வாசலில் நின்றவர்கள்



சில மாதங்களுக்கு முன் ஆராதனை முடிந்தபின், எங்கள் சபையைச் சேர்ந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் என்னிடம் வந்து, "ஐயா, புசித்தான் என்பவர் யார்?" என்று கேட்டான். நான் திகைத்துப்போனேன். ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்திலிருந்து முக்கால் மணிநேரம் பிரசங்கித்திருந்தேன். மைசூருவிலே பிறந்து, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் அந்தப் பிள்ளையோ, அதை ஒரு மனிதனுடைய பெயர் என்றெண்ணி, அவனுக்கு முடிவில் என்ன நேர்ந்தது என்று அறியக் காத்திருந்தான். அருகில் நின்றவர்கள் நகைத்தார்கள். எனக்கு நகைப்பு வரவில்லை. அவன் கவனமாய்க் கேட்டிருந்தான். அவன் கேட்கும்படி நான்தான் பேசவில்லை.

வசனத்திற்குச் செவிகொடுங்கள் என்று சபையாரைக் கடிந்துகொள்வது போதகர்களாகிய எங்களுக்கு எளிது. தூங்குகிறவர்களைப் பெயர் சொல்லி எழுப்புகிறவர்களும் உண்டு. (பவுல் நடுராத்திரிமட்டும் பேசியபோதே ஐத்திகு தூங்கி விழுந்தானே என்றெண்ணி, நான் அதைச் செய்வதில்லை.)

நெகேமியா எட்டாம் அதிகாரத்தை அன்றிரவு மீண்டும் வாசித்தேன். எருசலேமில் தண்ணீர்வாசலுக்கு முன்னான வீதியிலே, புருஷரும் ஸ்திரீகளும், கேட்டு அறியத்தக்க அனைவரும் கூடினார்கள். மரத்தால் செய்த பிரசங்கபீடத்தின்மேல் எஸ்றா நின்று, காலைதொடங்கி மத்தியானம்மட்டும் வாசித்தார். கேட்டவர்கள் அழுதார்கள். ஆனால் வாசிப்பு மாத்திரம் அங்கே நடைபெறவில்லை. லேவியர் ஜனங்களுக்கு அர்த்தத்தையும் விளங்கப்பண்ணினார்கள். பாபிலோனிலே தலைமுறைகளைக் கழித்து அயல்பாஷை பழகிய குடும்பங்கள் அக்கூட்டத்தில் இருந்ததால்தான் இது தேவைப்பட்டது என்று வேதபண்டிதர் பலர் கருதுகின்றனர். பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்கு இது அந்நியமான காட்சியா?

நாம் சபையில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் ஐயரின் தலைமையில் திருத்தப்பட்டு 1871-இல் வெளிவந்தது. அதன் இனிமையை நான் விடமாட்டேன். ஆயினும் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் ஐயர், நம் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்தது. ஜனங்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காகவே அத்தனை பாடும் பட்டார்.

இப்பொழுது எங்கள் சபையில் வேதவாசிப்பு முடிந்ததும், ஒரு சகோதரி சில நிமிடங்கள் கன்னடத்தில் விளக்கம் சொல்லுகிறார். "தமிழ்ச் சபையில் கன்னடமா, பாஸ்டர்?" என்று மூப்பர் ஒருவர் வருந்தினார். அவருடைய வருத்தம் நியாயமற்றதன்று. தமிழ் ஒலிக்கும் இடம் அவருக்கு வாரத்தில் இது ஒன்றே. நெகேமியாவை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் இன்னும் இணங்கவில்லை; ஆனாலும் முன்வரிசையிலேயே அமருகிறார்.

அந்தச் சிறுவனின் தாயார், இரவு குடும்ப ஜெபத்தில் ஓர் அதிகாரத்தைத் தமிழில் வாசித்து, விளங்காத சொற்களை அவனைக்கொண்டே ஒரு நோட்டில் கன்னட எழுத்தில் எழுதுவிக்கிறார். சென்ற ஞாயிறன்று அதை என்னிடம் கொண்டுவந்தான். அறுபது சொற்களுக்குமேல் இருந்தன. லேவியராகமத்துப் பறவைகளில் நான்கிற்கு என்னாலும் உடனே பொருள் சொல்ல இயலவில்லை. அடுத்த வாரம் சொல்லுவதாகத் தவணை வாங்கியிருக்கிறேன்.