பாலிசியை வீட்டுக்காரர் கையில் கொடுங்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் தரைத்தள வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அரசு குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. நனைந்த குளிர்சாதனப் பெட்டிக்குக்கூட அது போதாது. வீட்டுக் கடன் வாங்கியவர்களில் பலர் கடனோடு சேர்த்து ஏதோ ஒரு காப்பீட்டுக்கும் பணம் கட்டுகிறார்கள். அது கடன்தாரர் இறந்தால் மீதிக் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடா, வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு தரும் கட்டடக் காப்பீடா என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. பாலிசி வங்கிக் கோப்பில் கிடக்கிறது. பிரீமியம் மட்டும் வீட்டுக்காரர் தலையில்.

இது மாற வேண்டும். பருவமழைக்கு முன், ஆண்டுதோறும் செப்டம்பரில், எதற்குக் காப்பீடு, எவ்வளவு தொகைக்கு, என்று முடிகிறது, யாரை அழைப்பது என ஒரே பக்கத்தில், தமிழில், கடன்தாரருக்கு வங்கி அனுப்பியாக வேண்டும். ரிசர்வ் வங்கியும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் இதைக் கட்டாயமாக்கட்டும்.

நல்ல பாலிசி இல்லாமலில்லை. 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுக் காப்பீடு நடைமுறையில் இருக்கிறது. வெள்ளச் சேதம் இதில் அடங்கும், சுற்றுச்சுவருக்கும் உண்டு. கட்டடத்தோடு பொருள்களுக்கும் சேர்த்து எடுத்தால், பட்டியல் தராமலே கட்டடத் தொகையில் 20 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, பொருள்களுக்குக் கிடைக்கும். நகைக்குத் தனியாக எடுக்க வேண்டும். மனை விலை கணக்கில் வராது, கட்டுமானச் செலவு மட்டுமே. வாங்கிய விலை முழுவதும் கிடைக்கும் என்று நம்பியவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

சிக்கல் தண்ணீர் வடிந்த பிறகும் இருக்கிறது. நாற்றம் தாங்காமல் மெத்தையையும் மரச்சாமானையும் தெருவில் போட்டுவிடுகிறோம். மாநகராட்சி லாரி அள்ளிப்போகிறது. பிறகு சேதத்தை மதிப்பிட வரும் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் எதைப் பார்ப்பார்? அப்புறப்படுத்தும் முன் படமும் வீடியோவும் எடுத்து, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். தகவல் வந்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்கவும், 15 நாளில் அவர் அறிக்கை தரவும், அடுத்த 7 நாளில் முடிவு சொல்லவும் ஆணையத்தின் 2024 சுற்றறிக்கை சொல்கிறது. ஊரே மூழ்கும்போது சர்வேயர்களுக்குப் பஞ்சம் வரும் என்பது உண்மை. அதற்காகத்தான் பகுதிவாரியாக முகாம் போட நிறுவனங்கள் முன்கூட்டியே ஆயத்தமாக வேண்டும் என்கிறோம். நம் புகாரை நிறுவனம் மறுத்தாலோ, அதற்கு ஒரு மாதம் பதில் தராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமில்லை, 50 லட்சம் ரூபாய் வரை அவர் உத்தரவிடலாம்.

தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. நீங்கியது. வீட்டுக் காப்பீட்டுக்கு 18 விழுக்காடு தொடர்கிறது. இதையும் நீக்கும்படி ஜி.எஸ்.டி. மன்றத்தில் தமிழக அரசு கேட்க வேண்டும்.