எல்க் ஹில் பெருசா, திருவண்ணாமலை பெருசா?

கூகுள் பண்ணாதீங்க, நானே சொல்றேன். ஊட்டி எல்க் ஹில் கடல் மட்டத்திலிருந்து 2466 மீட்டர். திருவண்ணாமலையில இருக்கற அண்ணாமலையார் மலை சுமார் 800 மீட்டர். கிட்டத்தட்ட மூணு மடங்கு வித்தியாசம்.

எங்க ட்ரெக்கிங் குரூப்ல ஒரு ரூல் உண்டு: 2000 மீட்டர் தாண்டின மலைக்குத்தான் பேட்ஜ். போன வருஷம் எல்க் ஹில்லுக்கு வாங்கினோம். ஊட்டியில பஸ்ஸை விட்டு இறங்கி, டீ குடிச்சு, முருகன் கோயில் பக்கமா ஏறிட்டு மதிய சாப்பாட்டுக்குத் திரும்பிட்டோம். என் ரூம்மேட் திருவண்ணாமலைக்காரன். "எங்க ஊரு மலையையும் லிஸ்ட்ல சேருங்கடா"ன்னு கேட்டான். "அது குன்று மச்சி"ன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். இப்ப அந்த ரூல் தப்புன்னு சொல்ல வந்திருக்கேன்.

மலையை அளக்க இன்னொரு கணக்கு இருக்கு, ப்ராமினன்ஸ். தமிழ்ல "தனி உயரம்"னு வெச்சுக்கறேன், நல்ல வார்த்தை தெரிஞ்சவங்க திருத்துங்க. நீங்க ஒரு உச்சியில நிக்கிறீங்க. அதைவிட உயரமான இன்னொரு உச்சிக்கு நடந்தே போகணும். எந்த வழியில போனா குறைவா இறங்கணுமோ அந்த வழியைப் பிடிங்க. அந்த வழியில வர்ற மிகத் தாழ்வான இடம் கணவாய். உச்சிக்கும் அந்தக் கணவாய்க்கும் உள்ள வித்தியாசம்தான் தனி உயரம்.

இப்ப எல்க் ஹில்லுக்கு வாங்க. அங்கிருந்து ஊட்டி டவுனுக்கு இறங்கி தொட்டபெட்டா ஏறலாம். டவுனே சுமார் 2240 மீட்டர்ல இருக்கு. அப்படின்னா எல்க் ஹில்லோட தனி உயரம் எப்படிப் பார்த்தாலும் 230 மீட்டரைத் தாண்டாது. டவுனுக்கு இறங்காமலே மேல ஒரு வழி இருந்தா இன்னும் குறையும். மிச்ச உயரமெல்லாம் நீலகிரி பீடபூமி போட்ட பிச்சை.

திருவண்ணாமலைக்கு மேப்கூட வேண்டாம், கிரிவலம் போதும். 14 கிலோமீட்டர் பாதை, கிட்டத்தட்ட சமதரை, மலையை முழுசா சுத்தி வந்து மூடுது. உள்ளே அதைவிட உயரமான உச்சி எதுவும் கிடையாது. மேப்ல நாம தேடுறதும் இதையேதான்: வேற பெரிய உச்சியை உள்ளே விடாம, ஒரு உச்சியைச் சுத்தி மூடுற சம உயரக் கோடுகள்ல மிகத் தாழ்ந்தது. (கான்டூருக்குத் தமிழ்ல சம உயரக் கோடுன்னு பேருன்னு எனக்கே சர்வே கேம்ப் முடிஞ்ச அப்புறம்தான் தெரியும்.) ஊர்த்தரை 200 மீட்டருக்குக் கொஞ்சம் கீழ. பாதையோட மேடுகளுக்கு இடம் விட்டுக் கணக்குப் போட்டாலும் அந்த "குன்று" 500 மீட்டரைத் தாண்டுது. எல்க் ஹில்லைப் போல ரெண்டு மடங்குக்கு மேல!

பிரிட்டன்ல இந்தச் சண்டை பழசு. ஹியூ மன்ரோ 1891ல ஸ்காட்லாந்தோட 3000 அடி மலைகளுக்கு ஒரு பட்டியல் போட்டார். இன்னிக்கும் அதை முழுசா ஏறி முடிக்கறதுக்குன்னே ஆட்கள் இருக்காங்க. ஆனா 3000 அடிங்கறது வெறும் ரவுண்டு நம்பர். 2009ல ஸ்கூர் நன் க்யானிக்கன்னு ஒரு மலையை (உச்சரிப்புக்கு மன்னிக்கவும்) துல்லியமா அளந்தப்ப 913.43 மீட்டர் வந்துச்சு. எல்லை 914.4. ஒரு மீட்டர்கூட இல்லாத குறைக்குப் பட்டியல்லேருந்து போயிடுச்சு. 1992ல ஆலன் டாசன் வேற வழியில போனார்: மொத்த உயரம் எவ்வளவா இருந்தாலும் சரி, தனி உயரம் 150 மீட்டர் இருந்தா போதும். அந்த மலைகளுக்கு மர்லின்னு பேர் வெச்சார். மன்ரோவுக்கு ஜோடியா மர்லின், புரியுதா?

150-ம் ரவுண்டு நம்பர்தானேன்னு கேட்பீங்க. ஆமா. ஆனா இந்தக் கோடு மலையை அளக்குது, அது நிக்கிற தரையை அளக்கலை. ஏற எவ்வளவு கஷ்டம்னும் இது சொல்லாது. தொட்டபெட்டாவோட தனி உயரம் 2200 மீட்டருக்கு மேல, ஏன்னா அதைவிட உயரமான ஆனைமுடிக்குப் போக பாலக்காட்டுக் கணவாய்வரை இறங்கணும். இருந்தும் உச்சிவரைக்கும் கார் போகுது!

அதனால குரூப்புக்கு என் கோரிக்கை: 2000 மீட்டர் ரூலைத் தூக்கிட்டு, 150 மீட்டர் தனி உயரம்னு வைங்க. பட்டியலை நாமளே போடலாம். சர்வே ஆஃப் இந்தியாவோட 1:50,000 ஷீட்டுகள் ஆன்லைன்ல கிடைக்குது. சம உயரக் கோடுகளுக்கு நடுவுல பொதுவா 20 மீட்டர் இடைவெளி. கணவாய்க்குச் சரியான உயரம் பெரும்பாலும் போட்டிருக்க மாட்டாங்க, ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஊகிக்கணும். 150-க்குப் பக்கத்துல வர்றதைத் தனியா எழுதி வெச்சு, நேர்ல போய் ஜிபிஎஸ்ல பார்க்கலாம். சிவில் பசங்க லெவல் இன்ஸ்ட்ருமென்டோட வந்தா இன்னும் சந்தோஷம்.

திருவண்ணாமலையில மேல ஏற அனுமதி கிடைக்குமாங்கறது வேற விஷயம். லிஸ்ட்ல இருக்கட்டும்.

கொல்லிமலை, கல்வராயன் ஷீட்டுகளை நான் எடுத்துக்கறேன். ஜவ்வாது மலைக்கு ஆள் வேணும். ரூம்மேட் அவன் ஊர் ஷீட்டை ஏற்கனவே டவுன்லோட் பண்ணிட்டான்.