ஜாம் போத்தல் விளக்கு எந்தப் பாடத்தில் வரும்?

லண்டனில் படிக்கும் என் அக்காவின் மகள் அண்மையில் யாழ்ப்பாணத்திலிருக்கும் அம்மம்மாவிடம் தொலைபேசியில் கேட்டாள்: "சண்டை நேரம் நீங்கள் என்ன சாப்பிட்டனீங்கள்?" பள்ளிக்கூடத்தில் இரண்டாம் உலகப் போர் பாடமாம். 1939 செப்டெம்பரில் லண்டனிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள், 1940 முதல் 1954 வரை நீடித்த பங்கீட்டு முறை என்று எல்லாம் படிக்கிறாள். அம்மம்மாவும் அந்தப் போரில்தான் இருந்தவ என்று நினைத்துவிட்டாள்.

அம்மா முக்கால் மணித்தியாலம் கதைத்தார். அதில் பாதியை நானே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

இங்கு பதினோராம் தர வரலாற்றுப் பாடத்திலும் உலகப் போர்கள் இருக்கின்றன. தங்கள் ஒழுங்கையில் நடந்த போரில் சனம் எப்படிச் சீவித்தது என்பது இல்லை. இப்போது சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் 2009 மே மாதத்துக்குப் பின் பிறந்தவர்கள்.

1990 இல் போர் மீண்டும் தொடங்கியபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி, சவர்க்காரம், சீமெந்து, உரம் எல்லாவற்றுக்கும் தடை அல்லது கட்டுப்பாடு. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு, சிறு திரியைக் கொளுத்தினார்கள். காற்றுக்கு அணையாது, எண்ணெயும் அதிகம் குடிக்காது. அந்த வெளிச்சத்தில் படித்து உயர்தரம் சித்தியடைந்து பல்கலைக்கழகம் போனவர்கள் எத்தனையோ பேர். மோட்டார் சைக்கிளை நாலு சொட்டுப் பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டார்கள். பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தார்கள். பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளிலும் வெளிவந்தன. (2022 இல் நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது எங்களூர்ப் பெரியவர்கள் பதறாததற்குக் காரணம் இதுதான்.) 1987 ஒக்ரோபரில் யாழ். ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படையினர் நோயாளர்களையும் ஊழியர்களையும் சுட்டுக் கொன்றார்கள். உயிர் தப்பிய ஊழியர்கள் திரும்பவும் அதே விடுதிகளுக்கு வேலைக்குப் போனார்கள். இதையெல்லாம் ஒரு பிள்ளை படிக்க வேண்டாமா?

ஆனால் 'பங்களிப்பு' என்ற சொல்லை நான் கொஞ்சம் பயத்துடன்தான் எழுதுகிறேன். வீட்டுக்கு இரண்டு பவுண் என்று புலிகள் கேட்டபோது மனமுவந்து கொடுத்தவர்களும் உண்டு, வேறு வழியில்லாமல் தாலிக்கொடியைக் கழற்றியவர்களும் உண்டு. பிள்ளையை ஒளித்து வைத்த தாய்மாரும் இதே ஊரில்தான் இருந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30 அன்று கொட்டும் மழையில் வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்ததை எங்கள் வீடுகளில் ஆண்டுதோறும் நினைக்கிறோம். அதற்குச் சரியாக ஐந்து வருடங்களுக்கு முன், 1990 ஒக்ரோபர் 30 அன்று, சோனகதெருவிலிருந்த முஸ்லிம் மக்கள் ஒருசில மணித்தியால அவகாசத்தில் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். முதல் கதையை மட்டும் படிப்பிப்பதென்றால் படிப்பிக்காமலே விடலாம்.

ஆசிரியர்கள் சிலரிடம் பேசிப் பார்த்தேன். ஆர்வம் இருக்கிறது, அதைவிடப் பயம் இருக்கிறது. யாராவது வந்து விசாரித்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பாடத்திட்டம் மாறும்வரை காத்திருந்தால் சாட்சிகள் இருக்கமாட்டார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

செயல்திட்டமாகச் செய்வதற்குப் பாடத்திட்டம் மாறத் தேவையில்லை. பிள்ளை தன் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஐந்து கேள்வி கேட்டு எழுதி வரட்டும். வகுப்பில் இருபது பேர் எழுதினால் இருபதும் ஒன்றாக இராது. இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து திரும்பிய குடும்பத்துப் பிள்ளையும் அந்த வகுப்பில் இருந்தால் இன்னும் நல்லது. பழைய பத்திரிகைகளை நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

எங்கள் வீட்டு ஜாம் போத்தல் இப்போது இல்லை. 95 இல் குசினி யன்னலில் வைத்துவிட்டுப் போனதாம். 96 இல் திரும்பி வந்தபோது யன்னலே இல்லை என்று அம்மா பேத்திக்குச் சொன்னார். அவள் அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டாளாம்.